எஞ்சினைத் திரும்பத் திறப்பதற்கு முன்: கட்டி முடித்த பழைய ட்ரெயில் பைக் ஏன் நிற்கிறது?

மாமாவின் பைக் முதல் தடவை நின்றது நாலந்தாவில். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதியில், மாத்தளை தாண்டி தம்புள்ளைக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஹொண்டா எக்ஸ்எல் 185. கண்டிக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் எஞ்சின் முழுதாகக் கட்டப்பட்டு, புதுப் பெயின்ற் அடிக்கப்பட்டு, அன்று காலைதான் கையில் கிடைத்திருந்தது. இருபது நிமிடம் ஆறவிட்டதும் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது. தம்புள்ளைக்கு முன்னால் திரும்ப நின்றது. கடைசியில் மரக்கறி லொறி ஒன்றில்தான் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

“பிள்ளை, எஞ்சின் செய்த பைக் எண்டுதானே சொன்னாய்? இது நோஞ்சான் மாடு மாதிரி படுத்துப் படுத்தெல்லோ எழும்புது” என்றார் தொலைபேசியில்.

அடுத்த இரண்டு மாதங்களில் ஊரில் மூன்று பேர் அதைப் பார்த்தார்கள். முதலாமவர் கொயில் என்றார்; மாற்றினார்கள். இரண்டாமவர் காபரேட்டர் என்றார். புதிது வாங்கிப் போட்டார்கள். மூன்றாமவர் பிஸ்டன் இறுகுகிறது, எஞ்சினைத் திறக்க வேண்டும் என்றார். அந்த இடத்தில்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மாமாவின் வலது முழங்காலில் 2009இன் உலோகத் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. இந்த பைக்குக்குக் கிக் ஸ்டார்ட் மட்டும்தான். ஒவ்வொரு தவறான ஊகமும் அவருக்குக் காசு மட்டுமல்ல, இருபது முப்பது கிக்.

ஊடகக் கற்கை படித்த எனக்கு எஞ்சின் தொழில் அல்ல. கண்டியிலும் கம்பளையிலும் கராஜ் வாசல்களில் நின்று கேட்டது, கைநூல்களில் வாசித்தது, மாமாவின் பைக்கில் கையைக் கறுப்பாக்கிக் கற்றது ஆகியவையே இங்கே இருக்கின்றன. பழைய பைக் ஒன்றைக் கட்டி எடுத்து, அது சரியாக ஓடாமல் தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் கண்டி? தேயிலைத் தோட்டங்களில் சின்னத் துரைமாரும் கள உத்தியோகத்தர்களும் ட்ரெயில் பைக் ஓட்டிய மலைநாடு இது. எக்ஸ்எல், யமஹா டிடி, சுசுகி டிஎஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டிய கைகள் இங்கே இருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அப்படியே கிடந்ததில், கொட்டில்களில் துருப்பிடித்த பைக்குகளுக்கும் மதிப்பு வந்தது. வயல் வரம்பிலும் மணல் பாதையிலும் ஓட வன்னிக்கு இவை பொருத்தமானவை என்பதால் பல வடக்கே போகின்றன.

கடைசியாகக் கை பட்ட இடம்

ஓடிக்கொண்டிருந்த பைக் பழுதாவதும், கட்டி முடித்த பைக் பழுதாவதும் ஒன்றல்ல. முதலாவதில் ஏதோ தேய்ந்திருக்கிறது. இரண்டாவதில் பெரும்பாலும் ஏதோ தவறாகப் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது பூட்டிய பிறகு சரிபார்க்கப்படவில்லை. ஆகவே கடைசியாகக் கை பட்ட இடங்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். புதிய பாகம் வாங்குவது கடைசி வேலை.

எங்கள் பக்கத்து பைக்குகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தொண்ணூறுகளில் வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், எம்டி 90களும் மற்றவையும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது எங்கள் மெக்கானிக்மாரின் கெட்டித்தனம்; மறுக்க முடியாது. ஆனால் எஞ்சினுக்கு அது நல்லதல்ல. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. பாரத்தில் எஞ்சின் தட்டும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும். பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி படியும். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த எஞ்சின் ஒன்றைக் கட்டக் கொடுத்தால் ஒன்றைக் கேட்டு எழுதி வையுங்கள்: சிலிண்டர் எத்தனையாவது தடவை போர் அடிக்கப்பட்டிருக்கிறது? (கராஜில் ‘போர்’ என்றால் சிலிண்டரைக் குடைந்து பெருப்பிப்பது. முதல் தடவை கேட்டபோது திடுக்கிட்டது எனக்கு நினைவிருக்கிறது.) பழைய ஹொண்டாக்களுக்கு வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என நான்கு பெரிய அளவுகளில் பிஸ்டன் வரும். ஒரு மில்லிமீற்றரில் நிற்கும் சிலிண்டருக்கு அடுத்த வாய்ப்பு புது ஸ்லீவ் மட்டும்தான். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவை உங்களுடையவை.

ஸ்டார்ட்டே ஆகாவிட்டால்

தீப்பொறி, பெற்றோல், கொம்பிரஷன். இந்த மூன்றும் சரியான நேரத்தில் சந்தித்தால் எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். பார்க்க வேண்டிய ஒழுங்கும் அதுதான், ஏனென்றால் இலகுவானது முதலில்.

பிளக்கைக் கழற்றி, அதன் கப்பை மாட்டி, பிளக்கின் உலோக உடலை எஞ்சினின் வெறும் உலோகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிழலில் கிக் அடியுங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளியே பிடிக்க வேண்டும்; அங்கிருந்து பெற்றோல் ஆவி வரும். நீலமாக, ‘டிக்’ என்ற சத்தத்துடன் பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பலவீனம். சிடிஐ உள்ள பைக்கில் பிளக்கை எதிலும் தொடாமல் தொங்கவிட்டுக் கிக் அடிக்காதீர்கள், சிடிஐயே போகலாம்.

தீப்பொறி இல்லையென்றால் உடனே கொயில் வாங்க ஓட வேண்டாம். புதிதாகப் பெயின்ற் அடித்த பைக்கில் முதல் சந்தேகம் அந்தப் பெயின்ற்தான். எஞ்சின், கொயில், ஏர்த் வயர் என்பன சட்டத்தில் பூட்டப்படும் இடங்களில் வெறும் உலோகம் இருக்க வேண்டும். பவுடர் கோட்டிங் செய்தவர் அழகுக்காக அங்கேயும் அடித்திருப்பார். மின்சாரம் திரும்பிவர வழியில்லை. ஒரு துண்டு உப்புத்தாளால் முடிகிற வேலை அது. அடுத்தது நிறுத்தும் சுவிட்ச். அதன் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சின் மூடிக்கு இடையில் நசுங்கிய வயர் ஏதும் உண்டா என்று பாருங்கள்.

தீப்பொறி இருக்கிறது, பெற்றோலும் வருகிறது, ஆனால் காபரேட்டர் வழியாகத் திருப்பித் துப்புகிறது அல்லது சைலன்சரில் வெடிக்கிறது என்றால் டைமிங் தவறியிருக்கலாம். ஃபிளைவீலைப் பிடித்து வைக்கும் சின்னச் சாவித்துண்டு வெட்டுப்பட்டிருந்தால் தீப்பொறியின் நேரம் பிசகும். கெம் செயின் ஒரு பல் தள்ளிப் போடப்பட்டிருந்தால் வால்வுகளின் நேரம் பிசகும். ஒரே ஒரு பல்தானே என்று நினைக்கக் கூடாது. கிராங்கில் அது ஏறத்தாழ 20 பாகை. ஃபிளைவீலின் ‘டி’ அடையாளத்தை ஜன்னலில் நேராக்கி, கெம் பல்சக்கர அடையாளம் கைநூலில் சொன்ன இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கெம் செயினில் கை வைத்த எந்த எஞ்சினையும் முதலில் கிக் அடிக்காமல், பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றிப் பார்ப்பதே முறை. எங்காவது தடுத்தால் வால்வு பிஸ்டனில் முட்டுகிறது.

ஓடி, நின்று, ஆறி, ஓடுவது

மாமாவின் நோய் இதுதான். இதுதான் ஆட்களை மிக அதிகமாக அலைக்கழிக்கும் நோயும்கூட, ஏனென்றால் மெக்கானிக்கின் முன்னால் பைக் எப்போதும் நல்ல பிள்ளையாக ஓடும்.

சூடானதும் நின்று ஆறியதும் ஓடும் பைக்குக்குப் பொதுவாக மூன்று காரணங்கள். பெற்றோல் தாங்கியின் மூடியில் காற்று போகும் துவாரம் அடைபட்டிருப்பது (இங்கேயும் பெயின்ற் ஒரு குற்றவாளி). கொயில், சிடிஐ, பிக்கப் போன்ற மின்பாகம் ஒன்று சூட்டில் செயலிழப்பது. வால்வு இடைவெளி இறுகி, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் போவது. வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் மூன்றும் ஒரேமாதிரித்தான் தெரியும். நின்ற அந்த நிமிடத்திலேயே, வீதியோரத்திலேயே பார்த்தால் மூன்றும் வேறு வேறு.

நின்றவுடன் தாங்கி மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் காரணம் மூடி. இல்லையென்றால் சூட்டோடு சூடாகத் தீப்பொறி பாருங்கள்; பிளக் சுடும், துணி வேண்டும். பொறி இல்லையென்றால் மின்பாகம். பொறி நன்றாக இருந்தால் கொம்பிரஷன் பாருங்கள்.

இதை மாமாவுக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது, நிற்கும் நேரத்தில் வேறு ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “நிண்டாப் பிறகு கிக் அடிக்கேக்க முழங்கால் நோகேல்லை.”

கிக் இலகுவாக விழுகிறது. அதாவது கொம்பிரஷன் இல்லை. கொயிலுக்கும் காபரேட்டருக்கும் கொடுத்த காசு முழுவதும் வீண் என்பது அந்த ஒரு வசனத்தில் தெரிந்துவிட்டது.

கண்டியிலிருந்து கொம்பிரஷன் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கும்போது பிளக் துவார அளவைச் சொல்ல வேண்டும். பழைய ஹொண்டாக்களில் 10, 12, 14 மில்லிமீற்றர் என்று மாறும், பொருந்தும் மூக்கு இல்லாவிட்டால் மீற்றரால் பயனில்லை. துரொட்டிலை முழுதாகத் திறந்துவைத்து, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை கிக் அடிக்க வேண்டும். சிறிய நாலு-ஸ்ட்ரோக் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் பொதுவாக 120க்கும் 175 பிஎஸ்ஐக்கும் இடையில் எங்கோ காட்டும். புது ரிங் இன்னும் படியாத எஞ்சின் கொஞ்சம் குறையக் காட்டலாம். டீகொம்பிரசர் உள்ள எஞ்சின்களிலும் குறையும். அவற்றுக்குக் கைநூல் சொல்லும் அளவே அளவு.

மாமாவின் பைக் காலையில் குளிர்ந்திருந்தபோது 140. பரந்தன் வரை போய்த் திரும்பி, நின்றவுடன் அளந்தபோது 60. அடுத்த சோதனை: பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளப்பது. அளவு கூடினால் ரிங் கசிகிறது. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கெஸ்கட். கூடவில்லை.

வால்வு இடைவெளியை எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற பைக் மிக நல்லது. பிஸ்டன் கொம்பிரஷன் உச்சியில் நிற்க வேண்டும். ‘டி’ அடையாளம் நேராக இருந்து, இரண்டு ரொக்கரும் சற்று ஆடினால் அதுதான் அந்த இடம். ஆடாமல் இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். இந்த வகை ஹொண்டாக்களில் இடைவெளி 0.05 இலிருந்து 0.10 மில்லிமீற்றர் வரைதான். குறைந்த அளவு தலைமயிரை விட மெல்லியது. கண்ணாலோ விரலாலோ மதிக்கவே முடியாது, ஃபீலர் கேஜ் வேண்டும். மாமாவின் பைக்கில் எக்ஸோஸ்ட் பக்கம், இரண்டு தடவை சுற்றிப் பார்த்தும், மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

காரணம் எளிமையானது. கண்டியில் வால்வு இருக்கைகளைப் புதிதாக வெட்டி அரைத்திருந்தார்கள். புது இருக்கையில் வால்வு முதல் சில நூறு கிலோமீற்றர்களில் கொஞ்சம் உள்ளே படியும். அப்போது அதன் தண்டு ரொக்கர் பக்கம் உயர்ந்து இடைவெளியைத் தின்றுவிடும். தொடக்கத்திலேயே இறுக்கமாக வைத்திருந்தால் ஐம்பது கிலோமீற்றர் போதும். பிறகு சூட்டில் தண்டு நீளும்போது வால்வு மூட முடியாமல் அரைகுறையாகத் திறந்தே நிற்கும். எஞ்சின் செய்தவர் பிழையான ஆள் அல்ல, நல்ல வேலைக்காரர்தான். ஆனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு டெப்பட் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சரிசெய்ய எடுத்தது பதினைந்து நிமிடம், ஒரு ஸ்பானர், ஒரு சின்னக் குறடு. தாமதித்திருந்தால் வால்வு எரிந்து, உண்மையிலேயே எஞ்சினைத் திறக்க வேண்டி வந்திருக்கும்.

மலையில் சரி, வன்னியில் பிழை

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர். கண்டியில் காற்று கடலோரத்தை விட ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து மெலிந்தது. நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு. காபரேட்டருக்கு இது தெரியாது, அது பழைய அளவிலேயே பெற்றோலை விடும். ஆகவே கிளிநொச்சியில் சரியாக ஓடும் பைக் இறம்பொடை ஏற்றத்தில் கறுப்புப் புகை விட்டு மூச்சுத் திணறும். இது பெரிய ஆபத்தில்லை. ஆபத்து மறுபக்கம்: மலையில் ஜெட்டைக் குறைத்துச் சரிசெய்த பைக் சமவெளிக்கு வந்தால் பெற்றோல் போதாமல் சூடேறும். மதவாச்சி தாண்டியதும் வீதி நேராகிறது, வெயில் ஏறுகிறது, கை தானாகத் துரொட்டிலை முறுக்குகிறது. புது பிஸ்டன் இறுகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பிளக்கைப் பாருங்கள். பால் தேநீர் நிறம் என்றால் சரி. வெள்ளை வெளேரென்றால் பெற்றோல் குறைவு. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட. ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் ஒயில் மேலே வருகிறது. சோக்கைப் பாதி இழுத்தால் பைக் நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் பெற்றோல் போதவில்லை: அடைபட்ட ஜெட், அல்லது காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறது. துரொட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கத் தயங்கினால் அந்த ரப்பரை உறுதியாகவே சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது அதன்மேல் தண்ணீரை மெல்லத் தூவிப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கே. பெற்றோலைத் தூவிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, வேண்டவே வேண்டாம்.

எந்த ஜெட் என்பதைத் துரொட்டில் சொல்லும். ஐட்லிலும் தொடக்கத்திலும் தடுமாறினால் பைலட் ஜெட். நடுவில் என்றால் ஊசி. முழுத் திறப்பில் மட்டும் என்றால் மெயின் ஜெட். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று கியூஆர் கோட்டா வந்த காலத்தில் கான்களில் சேமித்த பெற்றோலைப் பலர் தாங்கியிலேயே மறந்துவிட்டார்கள். அது காய்ந்து பிசினாகும்போது முதலில் அடைபடுவது மயிர்த் துவாரமுள்ள பைலட் ஜெட்தான். கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும். கிளீனரில் ஊறவைத்து காற்றடித்து எடுங்கள். மலிவான போலிக் காபரேட்டரை விட, கழுவிய பழைய அசல் எப்போதும் மேல் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம்.

புகையும் சத்தமும்

முதல் பத்து நிமிடப் புகைக்குப் பயப்பட வேண்டாம், பூட்டும்போது பூசிய ஒயில் எரிகிறது. பிறகும் நீலப்புகை வந்தால் எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், அல்லது கடுகண்ணாவை இறக்கத்தில் துரொட்டிலை மூடி இறங்கிவிட்டுத் திறக்கும்போது மட்டும் என்றால் வால்வு சீல் அல்லது கைட். ஏற்றத்தில், பாரத்தில் விடாமல் வந்தால் ரிங். ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே வர வேண்டும், வாய்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது.

டிடி, டிஎஸ் போன்ற டூ-ஸ்ட்ரோக் பைக்குகளில் கொஞ்சம் நீலப்புகை இயல்பு. ஆனால் புகை அடர்ந்து, கியர் ஒயிலும் குறைந்துகொண்டே போனால் கிளச் பக்கக் கிராங்க் சீல் கசிகிறது. மறுபக்கச் சீல் போனால் காற்று உள்ளே இழுபட்டு, எஞ்சின் தானாக வேகமெடுக்கும். அது பிஸ்டனை உருக்கிவிடும்; உடனே நிறுத்துங்கள்.

சத்தம் பற்றி எங்கள் ஆட்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. வானத்தில் வருவது கிபீரா வேறா என்று காதால் பிரித்தறிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். மேலே லேசான ‘டிக் டிக்’ டெப்பட். கொஞ்சம் இருப்பது நல்லது, ஒன்றுமே கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். பக்கவாட்டில் சங்கிலி கிலுங்கினால் கெம் செயின். குளிரில் தட்டி, சூட்டில் மறைவது பிஸ்டன் ஆட்டம். ஏற்றத்தில் சில்லறை குலுங்குவது போன்ற சத்தம் டைமிங் முந்தியிருப்பதாலோ கரியாலோ வருவது. கீழிருந்து, பாரத்தில், கனமாக ‘டொக் டொக்’ என்று வந்தால் கொன்ரொட் பேரிங். அதோடு ஒரு கிலோமீற்றர்கூட ஓட வேண்டாம்.

பழகவிடும் காலம் முதல் 500 இலிருந்து 1000 கிலோமீற்றர். முழுத் துரொட்டில் வேண்டாம். ஆனால் ஒரே வேகத்தில் ஊர்ந்து போவதும் கூடாது, ரிங் படியாது. ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதற்குக் கண்டி மலைகளே நல்ல இடம். ஏ-9இல் ஒரேயடியாக முந்நூறு கிலோமீற்றர் போவது மோசமான தொடக்கம். முதல் ஒயிலை நூறு கிலோமீற்றருக்குள் மாற்றி, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் மினுக்கம் சரி. விரலில் தட்டுப்படும் துண்டு சரியில்லை. பழைய சிறிய ஹொண்டாக்கள் பலவற்றில் கடதாசி ஃபில்டர் இல்லை, சல்லடையும் சுழல் வடிகட்டியும்தான். கட்டும்போது அவற்றைக் கழுவினார்களா என்று கேளுங்கள். ஹெட் நட்டுகளையும் டெப்பட்டையும் குளிர்ந்த எஞ்சினில் திரும்பப் பாருங்கள்.

வேறு எஞ்சின் ஏற்றியிருந்தால், அதன் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறதா என்பதையும் வாங்கும் அன்றே பார்க்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியாமல் ஓட்டினால் முதல் சோதனையிலேயே மறிபடும்.

மாமாவின் பைக்கில் பழைய காபரேட்டரைக் கழுவித் திரும்பப் பூட்டிவிட்டோம். வாங்கிய புதுக் கொயில் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. இப்போது அவரிடம் சொந்தமாக ஒரு ஃபீலர் கேஜ் உண்டு. அறுவடைக்கு முன் ஒரு தடவை டெப்பட் பார்த்ததாகவும், அசையவில்லை என்றும் போன கிழமை சொன்னார். கிக் அடிக்க முழங்கால் நோகிறதாம்.